மறுமொழி: ‘ஃபிஃப்த் வீல்’ – ஐந்தாம் சக்கரம் வேண்டாம், பூட்டுத்தட்டு என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சிறுவடிவ லாரிகள் கட்டுவதற்கான கையேட்டின் சொற்பட்டியலை முழுவதும் பார்த்துவிட்டேன். பெரும்பாலான சொற்கள் நன்றாக வந்திருக்கின்றன. லாரியின் முன்வண்டியான டிராக்டரோடு டிரெய்லரை இணைக்கும் உறுப்பான ‘ஃபிஃப்த் வீல்’ என்பதற்கு எதிரே ‘ஐந்தாம் சக்கரம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கையேட்டைப் புரட்டுபவரின் மேசைமீது 1/25 அளவிலான பீட்டர்பில்ட் என்ற அமெரிக்க லாரியின் சிறுவடிவப் பாகங்கள் அடங்கிய பெட்டி திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஐந்தாம் சக்கரத்தைப் பின் அச்சுகளின் நடுவுக்குச் சற்று முன்னால் பொருத்தவும்’ என்று படித்தவுடன் அவர் டயர்கள் இருக்கும் பையைத்தான் பிரிப்பார். மூன்று அச்சுள்ள அமெரிக்க டிராக்டருக்கு வழக்கமாக முன்னால் இரண்டு, பின்னால் எட்டு என்று பத்து டயர்கள். அவற்றில் ஐந்தாவது எது என்று தேடுவார். இல்லையென்றால் ஸ்டெப்னியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவர் தேட வேண்டியதோ சக்கரமே அல்லாத ஒரு தட்டு.

குதிரை வண்டிக் காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையம் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கு அடுத்தபடியாக அது ஐந்தாவது ஆயிற்று. லாரிக்கு வந்தபோது வடிவம் மாறியது, பெயர் மாறவில்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் பழகிப்போன பெயரைச் சுமக்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்கும் நாமும் அதைச் சுமப்பானேன்?

இன்று அந்த உறுப்பு எப்படி இருக்கிறது? பின்புறம் அகன்று நடுவை நோக்கிக் குறுகும் பிளவுடைய கனத்த எஃகுத் தட்டு. மேலே கிரீஸ் பூச்சு. டிராக்டர் பின்னோக்கி வரும்போது டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி அந்தப் பிளவுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் நிற்கிறது. உடனே தட்டுக்கு அடியிலுள்ள தாடைகள் ஆணியைக் கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் தட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது: டிரெய்லரை இழுக்கிறது, அதன் முன்பாரத்தையும் தாங்குகிறது.

முன்பாரம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மாட்டு வண்டிக்காரர்கள் சொல்லும் அதே முன்பாரம்தான் இது. இரட்டை மாட்டு வண்டிக்கு முன் சக்கரம் கிடையாது. சுமையின் ஒரு பங்கு ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கு வந்து மாடுகளின் கழுத்தில் இறங்குகிறது. செமி டிரெய்லருக்கும் முன் சக்கரம் கிடையாது. 1914-இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், ஒரு மரவணிகரின் படகை ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு வண்டி செய்து கொடுத்தார்; ‘செமி டிரெய்லர்’ என்ற பெயர் அந்த வழியில்தான் பரவியது. இந்த அமைப்புக்குத் தேவையான சொற்கள் நம் வண்டித் தொழிலில் ஏற்கெனவே இருக்கின்றன, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே என் பரிந்துரை: பூட்டுத்தட்டு.

பூட்டு என்றால் சாவிப் பூட்டும்தான். வண்டி பூட்டுவது, ஏர் பூட்டுவதும்தான். ஆணியைக் கவ்வும் தாடைக்கு முதற்பொருள் பொருந்துகிறது, வண்டியை இழுவையோடு சேர்ப்பதற்கு இரண்டாவது பொருந்துகிறது. வினைச்சொற்களும் கூடவே வருகின்றன: டிரெய்லரைப் பூட்டு, டிரெய்லரை அவிழ். ‘இணைப்பு நீக்கம் செய்யவும்’ என்று கையேட்டில் எழுத வேண்டிய தேவையே இராது.

நேற்றைய மடலில் வந்த மாற்று யோசனை:

> நுகத்தட்டு என்று வைத்தால் என்ன? பாரத்தையும் இழுவையையும் ஒருசேரக் குறிக்கிறதே.

நல்ல சொல். ஆனால் நுகத்தடி என்பதோடு ஓரிரு எழுத்து வேறுபாட்டில் நிற்கிறது. படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திப் படிப்பார். பூட்டுத்தட்டில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து அந்த ஆணி, அதாவது ‘கிங்பின்’. பட்டியலில் ‘அச்சாணி’ என்றிருக்கிறது. இது பிழை. அச்சாணி, சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் காப்பது; ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி’ என்று குறள் சொல்வதும் அதைத்தான். நமக்கு வேண்டியது இழுவையும் வண்டியும் கூடும் இடத்தில் நிற்கும் ஆணி. அதற்கும் பழஞ்சொல் இருக்கிறது. பட்டினப்பாலையில் ‘நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்று வருகிறதே, அந்தப் பகல் நுகத்தின் நடுவில் தைத்த ஆணி. பகலாணி என்று வைக்கலாம். பகற்பொழுது என்று சிலர் மயங்கக்கூடும் என்பது உண்மைதான். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். ‘மைய ஆணி’ என்று பொதுவாக விட்டுவிடுவதை நான் விரும்பவில்லை. முன் சக்கரங்கள் திரும்புவதற்கு அச்சின் முனைகளில் இருக்கும் ஆணிகளையும் ஆங்கிலத்தில் கிங்பின் என்றுதான் அழைக்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருக்கும். அவற்றைத் ‘திருப்பாணி’ என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை.

சொற்கள் கையேட்டில் எப்படி நடக்கின்றன என்று பார்க்க, அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பகலாணி எளிதில் முறியும். அதை வெட்டி நீக்கிவிட்டு 2 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பொருத்தவும். உண்மை வண்டியின் 2 அங்குலப் பகலாணி 1/25 அளவில் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். பித்தளையைப் பாலிஸ்டைரீன் பசை பிடிக்காது. சூப்பர் குளூ அல்லது எபாக்சி தேவை. பூட்டுத்தட்டு முன்னும் பின்னும் சாய்ந்தாட வேண்டும். பசை அதன் சுழல்முனைக்குள் வழிந்தால் தட்டு இறுகிவிடும். பிறகு டிரெய்லர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சேசிஸை வெட்டி நீட்டியிருந்தால், பின் அச்சுகளின் புதிய இடத்தைக் கணக்கிட்ட பிறகே தட்டின் இடத்தைக் குறிக்கவும். நடுவுக்குப் பின்னால் போனால் முன்பாரம் டிராக்டரின் மூக்கைத் தூக்கிவிடும். தட்டின் மேற்பரப்புக்குப் பளபளக்கும் கரும்பழுப்பு நிறம் பூசவும். கிரீஸ் தெறித்த கறையைப் பக்கத்துச் சட்டங்களிலும் லேசாகக் காட்டவும்.”

எங்கும் தடுக்கவில்லை. இதே பத்தியில் ‘ஐந்தாம் சக்கரம்’, ‘அச்சாணி’ என்று மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். சாய்ந்தாடுவது எது, முறிவது எது என்பதே விளங்காமல் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவிழ்த்த டிரெய்லரைத் தாங்கி நிற்கும் இரண்டு கால்களுக்கு ‘முட்டுக்கால்’ போதும். ‘தரையிறங்கு கால்’ விமானத்தைத்தான் நினைவூட்டும். டிராக்டர், டிரெய்லர், சேசிஸ், டயர் ஆகியவை அப்படியே இருக்கட்டும், எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு மூன்று பெட்டிகளின் பாகங்களைக் கலந்து ஒரு வண்டி ஆக்கும் ‘கிட்பேஷிங்’ என்பதற்கு ‘பெட்டியுடைப்பு’ என்ற யோசனை வந்திருந்தது. அங்கே நடப்பது உடைப்பு அல்ல. ஒரு பெட்டியின் கேபினை இன்னொன்றின் சேசிஸில் உட்கார வைக்க எவ்வளவு அளவெடுப்பும் அரத்தேய்ப்பும் தேவை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ‘கலப்புக்கட்டு’ என்று நான் சொல்வேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்கிறேன்.

பூட்டுத்தட்டு, பகலாணி இரண்டிலும் மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடும், அந்தச் சொல்லை வைத்து எழுதிய ஒரு கையேட்டு வாக்கியத்தோடும் அனுப்புங்கள். இணைப்பு அத்தியாயத்தின் படவிளக்கங்களுக்குப் பெயரிடும் வேலை அடுத்ததாக நிற்கிறது. அதற்குள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்