அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் சுருக்கங்கள் – யாராவது விளக்க முடியுமா?

ஓசூர்வாசி எழுதியது:

அப்பாவுக்கு வயது 63, திண்டுக்கல்லில் இருக்கிறார். போன வாரம் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றைக்கே ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், தெம்பாகத்தான் இருக்கிறார். கிளம்பும் நாளில் பில், இன்சூரன்ஸ் ஒப்புதல் என்று அலைந்ததிலேயே பொழுது போய்விட்டது. கடைசியில் ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தார்கள், யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

அதில் இருப்பது இப்படி: கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டி. ஏசிஎஸ் – ஏடபிள்யூஎம்ஐ. சிஏஜி: எஸ்விடி. எஸ்/பி பிடிசிஏ + டிஇஎஸ் டு எல்ஏடி. எக்கோ: ஆர்டபிள்யூஎம்ஏ +, இஎஃப் 42%. ஆர்எஸ்: பிஏஇ +, என்விபிஎஸ். பி/ஏ: சாஃப்ட். சிஎன்எஸ்: என்எஃப்என்டி. எஸ்பிஓ2 98% ஆர்ஏ.

தங்கை ஒவ்வொன்றாக நெட்டில் தேடினாள். எஸ்விடி என்றால் சுகப்பிரசவம் என்று வருகிறது. பிஏஇ என்றால் நுரையீரலில் ரத்தக்கசிவை நிறுத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையாம், அப்படி எதுவும் அப்பாவுக்குச் செய்யவில்லை. ஆர்ஏ என்றால் முடக்குவாதமாம். அம்மா உடனே "அதான் முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே" என்று அதற்கும் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். வேறு யாருடைய ரிப்போர்ட்டையாவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? அப்புறம் அந்த 42%. இதயம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

காவிரிக்கரை எழுதியது:

இதையெல்லாம் இங்கே கேட்காதீர்கள் சார். டாக்டரிடம் நேரில் கேளுங்கள்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

கேட்கட்டும், ஆனால் டாக்டர் கொடுக்கிற ஐந்து நிமிஷத்தில் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டாமா? நான் அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பேப்பரைப் படித்துக் காட்டச் சொல்லி வராந்தாவில் என்னை நிறுத்தாத குடும்பம் குறைவு.

தம்பி, ரிப்போர்ட் மாறவில்லை. தங்கச்சி ஒவ்வொரு சுருக்கத்தையும் தனியாகப் பிய்த்தெடுத்துத் தேடியதால் வந்த குழப்பம் இது. எந்தத் தலைப்புக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரசவ வார்டு கேஸ் ஷீட்டில் எஸ்விடி என்றால் சுகப்பிரசவம்தான். உங்கள் பேப்பரில் அது சிஏஜிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிஏஜி என்பது கரோனரி ஆஞ்சியோகிராம். அங்கே எஸ்விடி என்றால் 'சிங்கிள் வெசல் டிசீஸ்', இதயத்தின் ரத்தக்குழாய்களில் ஒன்றில் மட்டும் அடைப்பு. பயப்பட வேண்டிய சேதி இல்லை, ஆறுதலான சேதி.

ஆர்ஏவும் அப்படித்தான். ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் நின்றால் 'ரூம் ஏர்'. மாஸ்க் இல்லாமல், அறைக் காற்றிலேயே 98% இருந்தது என்கிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், முட்டிவலி பற்றி அந்தப் பேப்பரில் ஒரு வரியும் இல்லை. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இதே ஆர்ஏ வந்தால் அது இதயத்தின் வலது மேலறை, அதையும் தேடிப் பயந்துவிடாதீர்கள்!

மேலிருந்து வருகிறேன். கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே இருப்பதாகத் தெரிந்த நோய். டி2டிஎம் இரண்டாம் வகை சர்க்கரை, எஸ்எச்டி ரத்தக்கொதிப்பு. ஏசிஎஸ் என்பது இதயத்துக்குப் போகும் ரத்தம் திடீரெனத் தடைப்படுவதற்கான பொதுப்பெயர், ஏடபிள்யூஎம்ஐ என்றால் இதயத்தின் முன்பக்கச் சுவரில் வந்த மாரடைப்பு. எல்ஏடி என்பது அந்த முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், ஆகவே இரண்டும் பொருந்துகின்றன. எஸ்/பி என்றால் இன்ன சிகிச்சை முடிந்த நிலை. பிடிசிஏ பலூன் வைத்து அடைப்பை விரித்தது, டிஇஎஸ் மருந்து பூசிய ஸ்டென்ட்.

ஆர்எஸ், பி/ஏ, சிஎன்எஸ் மூன்றும் எந்த நோயாளிக்கும் எழுதும் வழக்கமான பரிசோதனை வரிகள். நுரையீரல் இரண்டு பக்கமும் காற்று போகிறது (அதுதான் பிஏஇ), மூச்சுச் சத்தம் சாதாரணம், வயிறு இளக்கமாக இருக்கிறது, கை கால் பேச்சில் நரம்புக் கோளாறு எதுவும் இல்லை. எல்லாம் நார்மல். கூட்டல் குறியைப் பார்த்து நல்லது கெட்டது முடிவு செய்யாதீர்கள், 'இருக்கிறது' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. பிஏஇ + நல்லது. ஆர்டபிள்யூஎம்ஏ + என்றால் அடிபட்ட சுவர் சரியாக அசையவில்லை என்று பொருள்.

இஎஃப்தான் நிதானமாகப் படிக்க வேண்டியது. இது நூற்றுக்கு இத்தனை மார்க் என்கிற கணக்கில்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது அது. நல்ல இதயமே முழுவதையும் தள்ளாது, 55 முதல் 70% வரைதான் தள்ளும். அதனால் 42ஐ 100க்குப் பக்கத்தில் வைக்காமல் 60க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் மாரடைப்பு வந்த சில நாட்களில் எடுத்த அளவு இது. அடைப்பை உடனே திறந்திருந்தால் மரத்துப்போன தசையில் ஒரு பங்கு மெல்லத் திரும்பி வேலை செய்யும். ஆறு வாரமோ மூன்று மாதமோ கழித்து மறுபடி எக்கோ எடுப்பார்கள், அந்த எண்தான் முக்கியம். "எக்கோ மறுபடி எப்போது?" என்று அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.

மாத்திரைப் பக்கத்தை நீங்கள் போடவே இல்லையே. எனக்கு அதுதான் இதைவிடக் கவலை.

ஓசூர்வாசி எழுதியது:

சிஸ்டர், ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். மாத்திரைப் பக்கம் இதோ: ஆஸ்பிரின் 75 மி.கி. 0-1-0 ஏ/எஃப். டிகாக்ரெலார் 90 மி.கி. பிடி. அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. எச்எஸ். மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 25 மி.கி. ஓடி. ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி. எஸ்/எல் எஸ்ஓஎஸ். இன்சுலின் 30/70 – 16 யு, 0, 10 யு. கீழே ஆர்/வி 2/52 வித் ஆர்எஃப்டி. இந்த 2/52 என்ன, தேதியா?

மாத்திரைக்காரன் எழுதியது:

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். இது என் ஏரியா.

0-1-0 என்றால் காலை, மதியம், இரவு என்ற வரிசை, அதாவது மதியம் ஒன்று. ஏ/எஃப் சாப்பாட்டுக்குப் பின். பிடி தினம் இரண்டு வேளை, ஓடி தினம் ஒரு வேளை, எச்எஸ் படுக்கப் போகும் முன். கண் மருத்துவர் சீட்டில் ஓடி வந்தால் அது வலது கண் என்பதையும் நினைவில் வையுங்கள். எக்ஸ்எல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மாத்திரை, பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காப்பவை. பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது நிறுத்தச் சொன்னால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். டிகாக்ரெலார் சிலருக்கு லேசான மூச்சுத்திணறல் தரும். வந்தால் போன் செய்யுங்கள், மாத்திரையை நீங்களாக விட்டுவிட வேண்டாம்.

எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். எஸ்/எல் என்றால் நாக்குக்கு அடியில். நெஞ்சுவலி வந்தால் அப்பா உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழக்கூடும். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108தான், அடுத்த யோசனையே வேண்டாம்.

பழைய மாத்திரைகளையும் எடுத்து வைத்துப் பாருங்கள். பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து பல சமயம் கூடவே ஒளிந்திருக்கும் இரண்டாவது மருந்து. பிரஷர் மாத்திரையில் ஏஎம் என்றால் அம்லோடிபின், எச் என்றால் நீர் பிரியும் மருந்து. புதுச் சீட்டில் இருப்பதே பழைய டப்பாவிலும் இருந்தால் இரட்டை டோஸ் ஆகிவிடும். ஜெனரிக் பெயரை, அதாவது பிராண்ட் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரை, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் டாக்டர்கள் எழுத வேண்டும் என்று 2016லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளைப் பார்த்தால் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை போல!

வார்டு சிஸ்டர் எழுதியது:

அந்த 10 யு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆங்கில யு எழுத்தைக் கொஞ்சம் அவசரமாகக் கையால் எழுதினால் பூஜ்யம் மாதிரி இருக்கும், 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004லேயே 'எழுதாதே' என்று ஒரு பட்டியல் போட்டது, அதில் இந்த யுவும் உண்டு. அடுத்த முறை 'யூனிட்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்சுலின் பாட்டிலைப் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றால் ஆரஞ்சு மூடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் எழுதியது சரியாக இருந்தும் போட்டது தப்பாகும்.

2/52 தேதியில்லை தம்பி, இரண்டு வாரம். வருஷத்துக்கு 52 வாரம் என்ற கணக்கு. 3/7 என்றால் மூன்று நாள், 6/12 என்றால் ஆறு மாதம். ஆர்/வி ரிவ்யூ. ஆர்எஃப்டி என்பது யூரியா, கிரியாட்டினின் பார்க்கும் சிறுநீரகச் சோதனை. ஆஞ்சியோவுக்கு விடும் சாயம் சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் சிறுநீரகத்தைச் சீண்டும், அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணி, முந்தின நாளே திண்டுக்கல்லில் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். பழைய மாத்திரை டப்பாக்களும் அதே பையில்.