சென்னையில இவ்வளவு சர்ச் இருக்கும்போது ஓஎம்ஆர்ல புதுசா ஒண்ணு தேவையா?

நாவலூர்வாசி:

எல்லாருக்கும் தோத்திரம். இங்க பல சபைக்காரங்க இருக்கீங்க, அதனால கேக்குறேன். நாங்க குடும்பமா நாவலூர்ல இருக்கோம், மெம்பர்ஷிப் வேப்பேரி பக்கம் ஒரு பழைய சபையில, அப்பா காலத்துலருந்தே. ஞாயித்துக்கிழமை போகணும்னா கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை வேற, புள்ளைங்கள கெளப்பி கொண்டு சேக்கறதுக்குள்ள பாவ அறிக்கை முடிஞ்சு பாடமும் வாசிச்சு முடிச்சிருப்பாங்க. முக்கால்வாசி வாரம் யூட்யூப் லைவ்தான்.

எங்க அப்பார்ட்மெண்ட்லயும் சுத்துவட்டாரத்துலயும் இதே நிலைமையில சில குடும்பங்க இருக்கு, தூத்துக்குடி, நாகர்கோவில், கோயம்புத்தூர்னு எல்லா ஊரும், சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), லுத்தரன், ஏஜி (அசெம்பிளீஸ் ஆஃப் காட்)ன்னு எல்லாம் கலந்து வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் நடத்துறோம். இப்ப அதுல சிலர் இதையே ஒரு சபையா ஆரம்பிச்சுடலாம்ங்கறாங்க. எனக்கு அரை மனசு. மெட்ராஸ்ல சர்ச்சுக்கா பஞ்சம்? ஏற்கனவே இருக்கறதுல போய் சேராம புதுசு ஆரம்பிக்கறது சரியா, அதுக்கு உண்மையிலேயே தேவை இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, சண்டை வேணாம் ப்ளீஸ்.

பழைய சேகரத்தான்:

தம்பி, பட்டுன்னு சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு காலத்துல மிஷன் சங்கங்க ஊரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு ஊழியம் பாத்தாங்க, திருநெல்வேலின்னா சிஎம்எஸ்ஸும் எஸ்பிஜியும், நாகர்கோவில் பக்கம் எல்எம்எஸ், மதுரையில அமெரிக்கன் மிஷன். மெட்ராஸ் மாதிரி பெரிய பட்டணம் மட்டும் அந்தக் கணக்குல வரல, யாரு வேணா வரலாம்னு விட்டதுல ஆளாளுக்கு ஒரு சர்ச் கட்டுனாங்க. அப்புறம் இந்தப் பிரிவெல்லாம் எதுக்குன்னு வருஷக்கணக்கா பேசி 1947 செப்டம்பர் 27 மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்திய திருச்சபைன்னு ஒண்ணா சேந்தாங்க. அவ்வளவு பாடுபட்டு சேத்ததை இப்ப கல்யாண மண்டபத்துக்கு ஒண்ணு, ஷட்டர் கடைக்கு ஒண்ணுன்னு மறுபடி பிரிச்சுப் போடுதோம்.

நகரத்துல 'புது சபை'ன்னு தொடங்குறதுல நான் பாத்தவரைக்கும் பாதி, இருக்கற சபையில கமிட்டி எலெக்‌ஷன்ல தோத்தவங்க ஆரம்பிச்சது. மீதியில ஆள் எங்கருந்து வருது? பக்கத்து சபையிலருந்துதான். கிதார், ட்ரம்ஸ், ஏசி வச்சா நம்ம வாலிபப் புள்ளைங்க அங்க போயிடுதுங்க. ஆட்டைத் திருடிட்டு மந்தை பெருகுதுன்னு சாட்சி வேற. உங்க ஆயர்கிட்ட பேசி நாவலூர்ல ஒரு கிளைச் சபையா ஆரம்பிக்கப் பாருங்க. அதான் முறை.

மேடவாக்கம் பாஸ்டர்:

ஐயா சொன்ன ஆடு திருட்டு உண்மைதான், ஒத்துக்கறேன், எங்க ஆளுங்கள்ல அதைச் செய்றவங்க இருக்காங்க. ஆனா அந்த வேப்பேரி சபையே ஒரு காலத்துல புதுசுதானே ஐயா? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடில வந்து இறங்குனார், அங்க ஏற்கனவே சபை இருக்கே, மெட்ராஸ்காரன் வேணும்னா நடந்து வரட்டும்னு யாரும் விட்டுடலயே, 1726ல அந்த மிஷன்லருந்தே ஷுல்ட்ஸ் மெட்ராஸ் வந்தார், அதுலருந்துதான் வேப்பேரி மிஷன். அதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள 1680ல கட்டுன செயின்ட் மேரீஸ் இருந்துச்சு, ஆனா அது கம்பெனி துரைமாருக்கு, தமிழனுக்கு இல்ல. கோயில் கட்டடம் இருக்கறதும் பக்கத்துல இருக்கற ஜனத்துக்கு சபை இருக்கறதும் ஒண்ணு கிடையாதுன்னுதான் சொல்ல வர்றேன்.

பவுல் எங்க போனார்னு பாருங்க, பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து, எபேசு, எல்லாம் ரோட்டு மேல துறைமுகத்து மேல இருக்கற பட்டணம். கொரிந்துல ஒன்றரை வருஷம், அதுவும் யாரோட? கிலவுதியு ராயன் ரோமாபுரியிலருந்து யூதர்களைத் துரத்தினதால அங்க வந்து சேந்த ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டுல, கூடாரம் தைக்கிற வேலை பாத்துக்கிட்டே. வெளியூர்லருந்து வந்து செட்டில் ஆன தம்பதி, வேலை, அவங்க வீட்டுலயே சபை கூடுது. நாவலூர் பிரதருக்கு இது நல்லா புரியும். எபேசுல ஜெப ஆலயத்துல எதிர்ப்பு வந்ததும் திறன்னு வித்தியாசாலையில ரெண்டு வருஷம் தினமும் பேசுனார், ஆசியா பூரா (அப்ப எபேசு இருந்த ரோம மாகாணத்துக்கு அந்தப் பேர்) வசனம் போச்சுன்னு பைபிள்ல அப்போஸ்தலர் 19ல இருக்கு. எல்லா ஊருக்கும் அவர் போகல, எல்லா ஊர்க்காரனும் எபேசுக்கு வந்துட்டுப் போனான்.

அதான் இப்ப ஓஎம்ஆர்லயும் நடக்குது. 2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல 48 சதவீதத்துக்கு மேல டவுன், சிட்டியிலதான் இருந்தாங்க. ஊரை விட்டு வந்து முதல் ரெண்டு மூணு வருஷத்துல ஒருத்தனுக்குப் பழக்கம் விட்டுப்போச்சுன்னா அப்புறம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் கிறிஸ்தவன்தான். பழைய சபையில கதவு திறந்துதான் இருக்கு, ஆனா புதுசா போறவன் எந்த பெஞ்ச்ல உக்காந்தாலும் அது யாரோ குடும்பத்து பெஞ்ச்சா இருக்கு. புது சபையில எல்லாருமே புது ஆளு, அதான் வித்தியாசம்.

செம்மஞ்சேரி டீச்சர்:

எல்லாரும் அப்பார்ட்மெண்ட் ஆளுங்களைப் பத்தியே பேசறீங்களே. நாவலூர்லருந்து வண்டியில கொஞ்ச தூரம் வந்தா செம்மஞ்சேரி, அந்தாண்ட பெரும்பாக்கம், மேல போனா கண்ணகி நகர். சிட்டிக்குள்ள குடிசையில இருந்தவங்களைக் கொண்டுவந்து வச்ச இடம். பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையிலருந்து நிறைய குடும்பம் வந்தாங்க, எட்டு மாடி பிளாக், வேலையும் ஸ்கூலும் பழைய இடத்துல, இவங்க இங்க. அவங்க போயிட்டு இருந்த சபையும் அங்கயே நின்னுடுச்சு.

இங்க சின்ன வீட்டுக்குள்ள பாய் விரிச்சு நடக்கற சபைங்கதான் ஆளுங்களைத் தாங்குது. புருஷன் குடிச்சிட்டு அடிச்சா ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பாஸ்டரம்மா வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க, வேப்பேரி போய் தட்ட முடியாது. நாவலூர்ல சபை ஆரம்பிக்கறீங்கன்னா பார்க்கிங் இருக்கற ஹால் தேடாதீங்க பிரதர், செம்மஞ்சேரிக்காரங்க ஷேர் ஆட்டோல வந்து சேரற இடமா பாருங்க. உங்க காம்பவுண்ட்ல வேலைக்கு வர்ற அக்காவும் நீங்களும் ஒரே வரிசையில உக்காந்து திருவிருந்து எடுத்தா அது புது சபை. இல்லன்னா அது உங்க வெள்ளிக்கிழமை ஜெபமேதான், மைக் மட்டும் புதுசு.

ஆடிட்டர் தம்பி:

ஆவிக்குரிய விஷயம் எல்லாரும் பேசியாச்சு, நான் வறட்டு விஷயம் சொல்றேன், இதுலதான் நிறைய புது சபை மாட்டுது.

பாஸ்டர் பேர்ல பேங்க் அக்கவுண்ட் வச்சு காணிக்கை வாங்கறதை முதல் நாளே நிறுத்துங்க, டிரஸ்ட், இல்லன்னா 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல சொசைட்டி, ரெண்டுல ஒண்ணு, சொந்தக்காரங்களே டிரஸ்டியா இருக்கக் கூடாது. வெளிநாட்டுல இருக்கற ஃப்ரெண்ட் அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிட்டாருன்னா அவர் அனுப்பற பணமும் வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்கற அனுமதி) இல்லாம தொடாதீங்க. இடம் வாங்கி கட்டறதுன்னா ஊராட்சி ஏரியாவுல வழிபாட்டுக் கட்டடத்துக்கு கலெக்டர் அனுமதின்னு 1997 விதியிலயே இருந்துச்சு, இப்ப இருக்கற நடைமுறையை ஒரு நல்ல இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. வீட்டுல கூடறதா இருந்தா ஸ்பீக்கர் பாக்ஸ் வெளிய வைக்காதீங்க, அசோசியேஷன் கம்ப்ளைன்ட்ல முக்கால்வாசி சத்தத்தைப் பத்திதான்.

கல்யாணம்: 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லா பாஸ்டரும் நடத்தி சர்டிஃபிகேட் குடுத்துட முடியாது, லைசென்ஸ் வேணும். அடக்கம் இன்னும் கஷ்டம். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டத்துல இடமே இல்லாம பழைய குடும்பக் கல்லறையைத் திறந்துதான் வைக்கிறாங்க. பழைய குடும்பம்னா அது இருக்கு, புதுசா விசுவாசத்துக்கு வந்தவர் இறந்துட்டா பாஸ்டர் போன் மேல போன் போட்டு அலையணும். சபை ஆரம்பிக்கும்போது யாரும் இதை யோசிக்கறதே இல்ல.

நாவலூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சிஸ்டர் சொன்னதை எங்க குரூப்ல அப்படியே போட்டேன், ஒருத்தர் ரெண்டு பேருக்கு சுருக்குன்னு இருந்துச்சு போல, ரிப்ளையே இல்ல. கல்லறை விஷயம் நிஜமாவே யோசிக்கல.

சேகரத்தான் ஐயா, கிளைச் சபையா கேக்கலாம்தான், ஆனா எங்கள்ல பாதி பேர் வேற சபை, அவங்களும் சிஎஸ்ஐ மெம்பரா மாறணும்னா ஒத்துக்குவாங்களான்னு தெரியல.

பழைய சேகரத்தான்:

மாறச் சொல்ல வேண்டாம் தம்பி. மாசத்துல ஒரு ஞாயிறு ஆயர் வந்து திருவிருந்து கொடுக்கட்டும், மத்த வாரம் உங்க ஜெபம் உங்க போக்குல நடக்கட்டும், அப்படி ஏற்பாட்டுல ஓடுத இடம் எனக்குத் தெரியும். ஆயருக்கு மனசு இருந்தா நடக்கும். அந்த டீச்சரம்மாவையும் கூட்டிட்டுப் போய் பேசுங்க, நீங்க தனியா போனா பார்க்கிங் பத்தித்தான் பேசிட்டு வருவீய.