புது ஹெட்ஃபோனைப் பழக்கத்தான் வேண்டுமா? 100 மணி நேரம் ஓடவிடச் சொல்கிறார் கடைக்காரர்

புதுக்காது:
வணக்கம். போன வெள்ளிக்கிழமை ஒரு வயர் ஹெட்ஃபோன் வாங்கினேன். காதை முழுக்க மூடும் வகை, 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதல் பாட்டிலேயே முகம் சுருங்கிவிட்டது. ராஜா பாட்டு என்றால் எனக்கு பேஸ் கிட்டார்தான். அது பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் கேட்கிறது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதில் ஊசி. கடைக்காரருக்கு போன் செய்தால், “100 மணி நேரம் ஓடவிடுங்க, தானா திறந்துக்கும்” என்கிறார். திருப்பிக் கொடுக்க 10 நாள் கெடு, அதில் 4 நாள் போய்விட்டது. இரவு பகலாக ஓடவிட்டாலே 100 மணி நேரத்துக்கு இன்னும் 4 நாள் ஆகும். என்ன செய்யலாம்?

பழையகேசட்:
தம்பி, அவசரப்படாதீர்கள். புதுத் தோசைக்கல்லில் முதல் தோசை வருமா? எண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, நாலு நாள் பழக்கினால்தான் கல் வழிக்கு வரும். நான் இதுவரை 5 ஹெட்ஃபோன் மாற்றிவிட்டேன். எல்லாமே முதல் வாரம் விறைப்பாகத்தான் இருந்தன. படுக்கப் போகும்போது பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த ‘ஷ்ஷ்’ இரைச்சல்) போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். ஒரு மாதத்தில் பாடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

ஓம்விதி:
தோசைக்கல் பழகுவது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் சூட்டில் இறுகிக் கறுப்புப் படலமாகக் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஹெட்ஃபோனில் எது எதன்மேல் படிகிறது என்று சொல்லுங்கள் அண்ணே.

இன்னொன்று. ஓட ஓட மாறும் என்றால் சில ஹெட்ஃபோன் கெட்டும் போக வேண்டுமே? ‘வாங்கியபோது அருமை, 100 மணி நேரத்தில் நாசம்’ என்று யாராவது எழுதி நான் பார்த்ததில்லை. செருப்பு பழகும், தேயவும் செய்யும். இது மட்டும் எப்படி எப்போதும் நல்ல பக்கமே போகிறது?

மிருதங்கம்77:
10 நாள் கெடு, 100 மணி நேர பர்ன்-இன், அதாவது ஓடவிட்டுப் பழக்குவது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பழகுவது ஹெட்ஃபோன் இல்லை, கடைக்காரரின் கல்லா.

பழையகேசட்:
கிண்டல் இருக்கட்டும். ஸ்பீக்கர் பெட்டி கட்டுகிறவர்கள் யாரையாவது கேளுங்கள். பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரைப் புதிதாக வாங்கினால், ஓடவிட்டபிறகுதான் அளவெடுப்பார்கள். ஓடியபிறகு அதன் ரெசொனன்ஸ், அதாவது தானாக அதிரும் ஸ்தாயி, இறங்கியிருக்கும். இதை மூடநம்பிக்கை என்பீர்களா?

ஓம்விதி:
வூஃபர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே கூம்பைப் பின்னாலிருந்து தாங்குவது ஸ்பைடர். பிசின் ஏற்றி விறைப்பாக்கிய, மடிப்பு மடிப்பான துணி அது. கூம்பு முன்னும் பின்னும் அடிக்க அடிக்க அந்த விறைப்பு தளரும்.

ஹெட்ஃபோனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பைடரே கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றோரத்தில் அதையே மடித்து நெளித்திருப்பார்கள், அதுதான் தாங்கலும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் அசைகிறது. தளர்வதற்குத் துணியும் இல்லை, பிசினும் இல்லை. ஷூர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட இ1 இயர்ஃபோன்களில் நன்றாக உழைத்த சிலவற்றைப் பல வருடம் கழித்து அளந்து பார்த்தது. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அதே அளவுதான்.

பழையகேசட்:
இயர்ஃபோன் வேறு, ஹெட்ஃபோன் வேறு. இன்னர்ஃபிடெலிட்டி என்ற ஹெட்ஃபோன் விமர்சனத் தளத்தில் டில் ஹெர்ட்சென்ஸ் ஏகேஜி க்யூ701 ஹெட்ஃபோனை நாள்கணக்கில் ஓடவிட்டு அளந்தாரே, மாற்றம் இருக்கத்தானே செய்தது? அதோடு நிற்கவில்லை. புதியது ஒன்று, ஓடியது ஒன்று என வைத்துக்கொண்டு பார்க்காமலே பிரித்தும் சொன்னார். அதற்கு என்ன பதில்?

ஓம்விதி:
அவர் அளந்த மாற்றம் மிகச் சிறியது. ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்ப மாட்டினாலே உச்ச ஸ்தாயி ஒலிகளில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். பார்க்காமல் பிரித்துச் சொன்னது உண்மைதான். ஆனால் அது இரண்டு வேறு ஜோடி. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டுகூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

இதை நானே வீட்டில் செய்து பார்த்தேன். எனக்கும் மச்சானுக்கும் ஒரே மாடலில் ஆளுக்கொன்று வாங்கியிருந்தோம். என்னுடையது மூன்று மாதம் ஓடியது, அவருடையது பெட்டிகூடப் பிரிக்காதது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அவர் மாற்றி மாற்றி மாட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன்! அப்புறம்தான் உறைத்தது. காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, அதாவது பேட், கன்னத்தில் பட்டதுமே எது புதுசு என்று தெரிந்துவிடுகிறது. புதுசு பப்படம்போல் விறைப்பு, பழசு மெத்தென்று இருக்கும். பாட்டு தொடங்கும் முன்பே விடை கையில். பிறகு எதற்குக் கண்கட்டு?

சரி என்று பேடுகளைக் கழற்றி மாற்றிப் போட்டோம். பழைய டிரைவரில் புது பேட், புது டிரைவரில் பழைய பேட். இப்போது பேஸ் நன்றாக வந்தது எதில் தெரியுமா? ஒரு மணி நேரம்கூட ஓடாத மச்சானுடையதில். பேஸ் டிரைவரோடு போகவில்லை, பேடோடு போனது. ஒரே ஒரு ஜோடியில் பார்த்ததுதான். ஆனாலும் அன்றோடு எனக்குத் தெளிந்துவிட்டது.

மிருதங்கம்77:
காதின் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஒலியின் நுணுக்கம் மனதில் சில நொடிதான் தங்கும். போன வாரம் எப்படிக் கேட்டது என்பது ஞாபகம் அல்ல, கதை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே பேஸ் கூடியதுபோல் இருக்கும். இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து எழுதிவிட்டார்கள்.

பழையகேசட்:
30 வருடமாகக் கேட்கிற காது, அதற்கு இது தெரியாதா? கேசட்டில் அஸிமத், அதாவது டேப்பில் படும் ஹெட்டின் சாய்வு, ஒரு இழை விலகியிருந்தாலும் ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்தவன் நான். வரைபடத்தில் தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஓம்விதி:
அஸிமத்தை நீங்கள் திருப்பியபோது அதே நொடியில் வித்தியாசம் கேட்டது. நான் நம்புவது அந்த மாதிரி ஒப்பீட்டைத்தான்.

@புதுக்காது, உங்களை மறந்துவிட்டு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் மூக்குக் கண்ணாடி போடுகிறவரா? பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள்.

புதுக்காது:
ஆமாம், தடித்த ஃபிரேம். அழுத்தினேன். பக்கத்து வீட்டில் வாசித்தவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்! கண்ணாடியைக் கழற்றினால் அழுத்தாமலே வருகிறது. ‘ஸ’ இன்னும் கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது, ஆனால் பாதிதான்.

ஓம்விதி:
அப்படியானால் டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி பேடைத் தூக்குகிறது, அந்தச் சந்து வழியாகக் காற்றோடு பேஸும் போகிறது. பேஸ் போனால் மிஞ்சுவது கூர்மை.

பழையகேசட்:
அப்போது பேட் மெத்தென்று ஆகும்வரை பழக்கத்தானே வேண்டும்? நான் முதலிலேயே சொன்னதும் அதுதான். பெயர்தான் வேறு.

ஓம்விதி:
தலையணைக்கு அடியில் வைத்தால் பேட் எப்படிப் பழகும் அண்ணே? தலையில் மாட்டினால்தான்.

பழையகேசட்:
நான் கண்ணாடியே போடுவதில்லை. எனக்கும் ஒவ்வொரு முறையும் மாறியதே? அதை விட்டுவிட்டீர்கள்.

ஓம்விதி:
விடவில்லை. அடுத்த முறை இரண்டாக வாங்குங்கள், மச்சானை அனுப்புகிறேன்.

புதுக்காது:
ஞாயிறுவரை கண்ணாடியோடு போட்டுப் பார்க்கிறேன். சரிப்படவில்லையென்றால் திங்கட்கிழமை கடைதான். வீட்டில் மெல்லிய கம்பி ஃபிரேம் பழையது ஒன்று கிடக்கிறது, பவர்தான் 0.5 குறைவு. பாட்டுக்கு அது போதாதா?