மாமியாருக்கு மறதி நோய். பகலில் அவர்களிடம் கத்துகிறேன், ராத்திரி அழுகிறேன். என்ன செய்வது?

பாளைக்காரி:

இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். எனக்கு 43 வயது, பாளையங்கோட்டையில் இருக்கிறோம், வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மாமியாருக்கு 76. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. காலையில் ஓரளவு நன்றாக இருப்பார்கள், சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஆளே மாறிவிடுவார்கள். நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டி, "கடையத்துக்குப் போகணும், அம்மா தேடுவா" என்று ஒரே பேச்சு. கடையம்தான் அவர்களுடைய அம்மா வீடு இருந்த ஊர். அந்த அம்மா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன செவ்வாய்க்கிழமை, மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் மெஷினில் பாதியில் கிடக்கிறது, இவர்கள் நாலாவது தடவையாக கேட்டை ஆட்டுகிறார்கள். "உங்க அம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு, எத்தனை தடவை சொல்றது" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த நிமிடம்தான் சாவுச் செய்தி வந்தது போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டியாம்மா" என்று என்னைக் கேட்கிறார்கள். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேலைக்குப் போக, அவனைக் குளிப்பாட்டி ஊட்டி வளர்த்தவர்கள் அத்தைதான். அவர்களைப் போய் இப்படி அழ வைத்தேனே என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

வீட்டுக்காரர் கடையை அடைத்து வர பத்து மணி ஆகும், "வயசானவங்க, அனுசரிச்சுப் போ" என்பார். நாத்தனார் சென்னையில். வீடியோவில் வந்து, "அம்மா மெலிஞ்சுட்டாங்களே, நேரத்துக்குக் குடுக்குறீங்களா மதினி" என்று கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. "நீ எப்பவும் கோவமாவே இருக்கேம்மா" என்று மகனும் சொல்லிவிட்டான். நான் கெட்டவளாகிவிட்டேனா? இந்தக் கோபத்தை எப்படி நிறுத்துவது?

கோவை அக்கா:

கண்ணு, கெட்டவளாக இருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். என் அப்பாவை ஆறு வருடம் இதே நோயோடு பார்த்தேன், நானும் கத்தியிருக்கிறேன், ஒரு தடவை தட்டை விட்டெறிந்திருக்கிறேன்.

எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அவர்களைத் திருத்தப் பார்க்காதே. உனக்கு அது நூறாவது தடவை, அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. "அம்மா செத்துட்டாங்க" என்று நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு அம்மா புதிதாகச் சாகிறாள். அதனால் உண்மையை நிலைநாட்டப் போராட வேண்டாம். "சரி அத்தை, போவோம், காப்பி குடிச்சிட்டுக் கிளம்புவோம், உங்க அம்மா என்ன குழம்பு வைப்பாங்க" என்று அந்தப் பேச்சிலேயே கூடப் போ. பொய் சொல்கிறோமே என்று எனக்கு முதலில் உறுத்தியது. ஆனால் அப்பா வீட்டுக்குப் போகணும் என்றபோது கேட்டது வீட்டை இல்லை, பயமில்லாத ஒரு இடத்தை என்று அப்புறம்தான் விளங்கியது.

கைக்கு வேலை கொடு. ஐந்து மணிக்கே ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் வைத்து ஆய்ந்து தரச் சொல். காம்பும் இலையும் கலந்துதான் வரும், வரட்டும். இருட்டுவதற்கு முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிடு, மங்கிய வெளிச்சமும் நிழலும் அவர்களை ரொம்பக் குழப்பும்.

அமைதி நாடி:

பெரியவர்களுக்குச் செய்வது பாக்கியம், சகோதரி. பொறுமையாக இருங்கள், தியானம் செய்யுங்கள், எல்லாம் சரியாகும்.

வெள்ளைச் சீருடை:

அமைதி நாடி ஐயா நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த நோய் சரியாகிவிடும் என்று யாரும் நம்பிக்கை கொடுக்கக் கூடாது, பிறகு அது நடக்காதபோது பார்த்துக்கொள்பவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார். பொறுமை வேண்டும்தான், தூக்கமில்லாத உடம்பில் அது எங்கிருந்து வரும்? மனநலப் பிரிவில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன், நோயாளியைக் கூட்டி வருபவர்கள் பாதிப் பேச்சில் உடைந்து அழுவதை வாரா வாரம் பார்க்கிறேன்.

முதலில் அத்தை. சாயங்காலம் குழப்பம் கூடுவது இந்த நோயில் சாதாரணமாக நடப்பதுதான், அடம் இல்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் திடீரென்று மோசமானால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல் கூட இல்லாமல் வெறும் குழப்பமாகத் தெரியலாம். மலச்சிக்கல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவையும் செய்யும். தைராய்டும் வைட்டமின் பி12 அளவும் பார்த்திருக்கிறார்களா என்று பழைய சீட்டுகளில் தேடுங்கள், இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். உடல் மெலிந்திருப்பது உண்மையானால் அதையும் எடை போட்டுக் காட்டுங்கள், இந்த நோயில் சாப்பிட்டதும் மறக்கும், சாப்பிடவும் மறக்கும், அது உங்கள் கவனிப்பின் குறை என்று நாத்தனார் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தடுமாறி விழுவார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய கஷ்டம்.

பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறார்களா? 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். உங்களுக்கு ஒரு அலைச்சல் குறையும்.

அப்புறம் நீங்கள். தூக்கமின்மை, அழுகை, எரிச்சல் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் நீங்களும் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாத நாளில் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கோபம் நாக்குக்கு வருவதற்கு முன்னால் உடம்பில் வந்துவிடும், தாடை இறுகும், காது சூடாகும். அது தெரிந்த உடனே கேட் பூட்டியிருக்கிறதா, கேஸ் அணைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஒரு பத்துத் தடவை விடுங்கள். படபடப்பு இறங்கும். இரண்டு நிமிடம் விலகி நிற்பது அவர்களைக் கைவிடுவது ஆகாது.

கடல்தாண்டியவன்:

அக்கா, நான் உங்கள் நாத்தனார் இடத்தில் இருந்தவன். வேலை வெளிநாட்டில், அம்மாவை அண்ணி பார்த்துக்கொண்டார்கள். நானும் போனில் "மெலிஞ்சுட்டாங்களே" என்று கேட்டவன்தான். இப்போது யோசித்தால், கூட இல்லையே என்ற குற்ற உணர்வு அப்படிக் கேள்வியாக வெளியே வந்தது. கேட்டுவிட்டால் என் கடமை முடிந்த மாதிரி எனக்கு இருக்கும், அண்ணிக்கு அது குத்தும் என்று தோன்றவே இல்லை.

ஒருநாள் அண்ணி சண்டை போடாமல் ஒன்று செய்தார்கள். அம்மாவின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதி எனக்கு அனுப்பினார்கள், ராத்திரி 2.10 பாத்ரூம், 3.40 மறுபடி, 4 மணிக்கு எழுந்து கதவைத் தட்டினார்கள் என்று. கீழே ஒரே வரி: "இதில் எந்த மணி நேரத்தை நீங்க எடுத்துக்குறீங்க தம்பி?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாதத்திலிருந்து அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கச் சொல்லி சம்பளத்தை நான் அனுப்பினேன், லீவில் வந்தபோது 15 நாள் முழுக்க நானே பார்த்து அண்ணியை அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அந்த 15 நாளில் நானும் இரண்டு தடவை கத்தினேன்.

"கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் சரி என்பார்கள், ஒன்றும் நடக்காது. இந்தத் தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடமும் அப்படியே. சொந்த அம்மாவை அனுசரித்துப் போகும் வேலையை மனைவிக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

பாளைக்காரி:

எல்லாருக்கும் பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. தம்பி சொன்ன மாதிரி ஒரு நாளை எழுதி, வீட்டுக்காரர் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாளிலிருந்து கடைப் பையனிடம் விட்டுவிட்டு ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வருகிறார், ஏழு வரைக்கும் அத்தை அவர் பொறுப்பு. முதல் நாளே, "அம்மா, ஆச்சி செத்துப்போச்சுல்லா" என்று சொல்லி அவரும் அழ வைத்துவிட்டார், அப்புறம் கோவை அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கீரை ஆய்கிறார்கள். கடையத்து வீட்டு முற்றத்தில் இருந்த கிணற்றைப் பற்றி நேற்று அவரிடம் அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கே தெரியாத கதையாம்.

வெள்ளைச் சீருடை அக்கா, நீங்கள் சொன்னபடி யூரின் டெஸ்ட் எடுத்தோம், தொற்று இருந்தது. மருந்து ஆரம்பித்து நாலு நாளில் கேட்டை ஆட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. அன்றைக்கு நான் கத்தியபோது அவர்களுக்கு அடிவயிறு வலித்திருக்கும், சொல்லத் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை.

நாத்தனாருக்கும் அதே பேப்பரை அனுப்பினேன், பயந்துகொண்டேதான். ராத்திரி போன் செய்து ரொம்ப நேரம் அழுதாள். இரண்டாம் சனிக்கிழமைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறாள், வந்தால் நாலு நாள் இருப்பாளாம்.

வியாழக்கிழமை மறுபடி குரலை உயர்த்திவிட்டேன், உடனே பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். திங்கட்கிழமை எனக்காக ஹைகிரவுண்ட் போகிறேன். ஓபி சீட்டு வாங்க எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.