ஹெந்த்ரா செத்தியவான் 40 வயது வரை ஆடியது எப்படி? இரட்டையர் ஆட்டக்காரரின் ஆயுள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி கேட்டவர்: ஐந்தரைமணி ஆட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரியில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் பேட்மின்டன் போட்டியோடு இந்தோனேசிய இரட்டையர் ஜோடியான ஹெந்த்ரா செத்தியவானும் முகமது அஹ்சானும் ஆட்டத்திலிருந்து விடைபெற்ற காணொளியை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். அப்போது ஹெந்த்ராவுக்கு வயது 40, அஹ்சானுக்கு 37. அதே நாட்டின் ஒற்றையர் வீரர் தௌஃபிக் ஹிதாயத் 2013-இல் 31 வயதில் விலகினார். ஒரு காலத்தில் உலகின் முதல் நிலையில் இருந்த ஜப்பானின் கென்டோ மொமோட்டா 2024-இல் 29 வயதிலேயே சர்வதேச ஆட்டத்தை முடித்துக்கொண்டார். ஒற்றையர் ஜாம்பவான்களான சீனாவின் லின் டானும் மலேசியாவின் லீ சோங் வெய்யும் கூட 36-ஐத் தாண்டவில்லை.

எங்கள் ஊர் உள்ளரங்கில் நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு ஆடுகிறோம். அங்கே ஒரு நண்பர், "ஒற்றையரில் தேறாதவர்களுக்குத்தான் இரட்டையர், பாதி மைதானத்தைப் பார்த்துக்கொண்டால் நாற்பது என்ன, ஐம்பது வயது வரை ஆடலாம்" என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. ஓட்டம் குறைவு என்பதாலா ஹெந்த்ராவால் இத்தனை காலம் நிற்க முடிந்தது, அல்லது வேறு காரணம் உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: வலையோரம்

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது, ஆனால் கணக்கு தவறு. ஒற்றையர் மைதானத்தின் அகலம் 5.18 மீட்டர், இரட்டையர் மைதானத்தின் அகலம் 6.1 மீட்டர்; நீளம் இரண்டுக்கும் 13.4 மீட்டர்தான். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் ஓட வேண்டிய தூரம் குறைகிறது என்பது சரி. ஆனால் எதிரே இருவர் நிற்பதால் ஷட்டில் திரும்பி வரும் அவகாசமும் அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒற்றையரில் ஒரு நல்ல அடிக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு நொடியாவது கிடைக்கும். இரட்டையரில் வலையை ஒட்டித் தட்டையாகப் பாயும் டிரைவ் அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது மட்டையைக் கீழே இறக்கினாலே புள்ளி போய்விடும்.

ஆகவே இரண்டு ஆட்டங்களும் உடலின் வெவ்வேறு உறுப்புகளிடம் வேலை வாங்குகின்றன. ஒற்றையரில் மூலைக்கு ஓடி, குனிந்து எடுத்து, நடுவுக்குத் திரும்பி, உடனே எதிர் மூலைக்குப் பாய வேண்டியிருப்பதால் வயது முதலில் முழங்காலில்தான் தெரியும். இரட்டையரில் பின்களத்தில் நின்று துள்ளி அடிப்பவருக்கும் ஏறத்தாழ அதே கதிதான். முன்வலையில் நிற்பவருக்கு மட்டும் கதை வேறு. அவருக்குத் தேவையானவை கண்ணும் மணிக்கட்டும், அடுத்த அடி எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கமும்தான். இவற்றில் ஊகிக்கும் பழக்கம் வயதோடு வளரக்கூடியது.

ஹெந்த்ரா சர்வை எதிர்கொள்ளும் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். இடது காலைச் சர்வ் கோட்டை ஒட்டி வைத்து, மட்டையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நிற்பார். எதிராளியின் குறுகிய சர்வ் வலையைத் தாண்டிய மாத்திரத்தில் அதைத் தொட்டுவிடுவார். ஆனால் அடிக்க மாட்டார், தள்ளுவார். முன்னால் நிற்பவரின் கைக்குச் சற்று அப்பால், பின்னால் நிற்பவர் வந்து சேர்வதற்குச் சற்று முன்னால், பக்கக்கோட்டின் ஓரமாக அந்த ஷட்டில் இறங்கும். பின்னவர் ஓடி வந்து குனிந்து அதை மேலே தூக்கத்தான் முடியும். தூக்கியதை அஹ்சான் பின்களத்திலிருந்து அடித்து இறக்குவார். அந்தப் புள்ளியில் ஹெந்த்ரா நகர்ந்த தூரம் ஒன்றரை அடி கூட இருக்காது, ஆனால் புள்ளியைச் சமைத்தவர் அவர்தான்.

எங்கள் அரங்கிலும் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். தலைக்கு மேலே வீசி அடிக்கும் அடி அவருக்கு வராது, தோள் போய்விட்டது. ஆனால் கல்லூரிப் பையன் ஒருவனைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அவர் வலையோரம் நின்றால், எங்களில் பாதிப் பேர் அந்த ஜோடியிடம் தோற்றுத்தான் வீடு திரும்புகிறோம்.

மறுமொழி: பழைய இரட்டையர்

மேலே நண்பர் எழுதியது ஆட்டம் பற்றி. நான் ஆட்டக்காரரின் வாழ்க்கை பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பல்கலைக்கழக அணியில் மூன்று ஆண்டுகள் இரட்டையர் ஆடி, என் ஜோடி வேலைக்குப் போன மாதத்தோடு எனது ஆட்டமும் முடிந்துபோனதைக் கண்டவன் நான். ஒற்றையர் வீரர் தன் முடிவைத் தானே எடுக்கிறார். இரட்டையர் வீரரின் முடிவில் இன்னொருவரின் முழங்காலும் மனநிலையும் கலந்திருக்கின்றன.

ஹெந்த்ராவுடையது ஒரே நீண்ட பயணம் என்று பேசுகிறோம். நான் அதை மூன்று தனித்தனி வாழ்க்கைகளாகவே பார்க்கிறேன். முதலாவது மார்க்கிஸ் கிடோவுடன். கிடோ குள்ளமானவர், ஆனால் துள்ளி அடித்தால் அரங்கமே அதிரும். ஹெந்த்ரா உயரமானவர், ஆனால் மென்மையான கை. 2007-இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம், 2008-இல் பெய்ஜிங்கில் சீனாவின் காய் யுன், ஃபூ ஹாய்ஃபெங் ஜோடியை அவர்களுடைய மண்ணிலேயே 12-21, 21-11, 21-16 என்று வென்று ஒலிம்பிக் தங்கம், 2010-இல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். பெரும்பாலானவர்களுக்கு இதோடு நிறைவு வந்துவிடும்.

2012-இல் அந்த ஜோடி பிரிந்தது. ஹெந்த்ராவுக்கு அடுத்து வாய்த்தவர் அஹ்சான். அதுவரை அஹ்சானோடு ஆடிக்கொண்டிருந்த போனா செப்டானோ யார் தெரியுமா? கிடோவின் சொந்தத் தம்பி! கிடோவோ இளம் மார்கஸ் கிடியோனைச் சேர்த்துக்கொண்டு 2013-இல் பிரெஞ்சு ஓபன் பட்டத்தை வென்றார். அந்தக் கிடியோன் பிறகு கெவின் சஞ்சயா சுகமுல்ஜோவுடன் இணைந்து உலகின் முதல் நிலைக்குப் போனார். ஒரு ஜோடி பிரிந்தால் நான்கைந்து பேரின் தலையெழுத்து மாறுகிறது. சில நேரம் அது நல்லதாகவும் முடிகிறது.

அஹ்சானோடு 2013-லும் 2015-லும் உலகப் பட்டம், 2014-இல் ஆல் இங்கிலாந்து பட்டமும் இஞ்சியோனில் ஆசியத் தங்கமும். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழுச் சுற்றிலேயே வெளியேறினார்கள், ஜோடியும் உடைந்தது. ஹெந்த்ரா மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் ஆடிப் பார்த்தார், அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அஹ்சான் ரியான் அகுங் சபுத்ரோவுடன் 2017 உலகப் போட்டியில் வெள்ளி வரை போனார். 2018-இல் இருவரும் மீண்டும் சேர்ந்தபோது அதைப் பழைய நினைவுக்கான ஏற்பாடு என்றே நான் நினைத்தேன். 2019-இல் ஆல் இங்கிலாந்தையும் உலகப் பட்டத்தையும் வென்று என் வாயை அடைத்தார்கள். 2022-இல், 38 வயதில், ஹெந்த்ரா உலகப் போட்டியின் வெள்ளியையும் வாங்கினார்.

கிடோ 2021 ஜூனில் தாங்கெராங்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார். வயது 36. இதை எழுதாமல் அந்த முதல் வாழ்க்கையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: கோட்டுக்கு வெளியே

இரண்டு மறுமொழிகளும் அருமை, ஆனால் ஒரு திருத்தம் தேவை. முன்வலை ஆட்டக்காரருக்கு ஆயுள் அதிகம் என்பதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கெவின் சுகமுல்ஜோவை விட வேகமான கையை வலையோரத்தில் நான் பார்த்ததில்லை. அவர் 2024-இல் 28 வயதில் ஓய்வு பெற்றார். கிடியோனும் அதே ஆண்டில் விலகினார். கணுக்கால் கிடியோனைக் கவிழ்த்தது. ஜோடி முடங்கிய பிறகு கெவினின் கைவேகம் எந்தப் பயனும் தரவில்லை. கெவினின் ஆட்டம் வேகத்தையே நம்பியது. ஹெந்த்ரா தொடக்கத்திலிருந்தே வேகத்தை நம்பியவர் அல்லர் என்பதால் வேகம் குறைந்தபோது அவர் இழந்தது குறைவு என்பது என் கருத்து.

விதிமாற்றங்களையும் யாரும் சொல்லவில்லை. 2006-க்கு முன்பு சர்வ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி. அந்த முறையில் பழகி வந்த ஹெந்த்ரா, யார் சர்வ் போட்டாலும் புள்ளி கிடைக்கும் 21 புள்ளி முறைக்கு மாறி உடனே உலகப் பட்டம் வென்றார். 2018-இல் சர்வ் போடும்போது ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நிலையான உயரம் வந்தது. அதற்கு முன்பு அவரவர் இடுப்பே அளவு என்பதால் உயரமானவர்களுக்குச் சற்று வசதி இருந்தது. உயரமானவரான ஹெந்த்ரா 33 வயதில் தன் சர்வைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தச்சரிடம் முப்பது ஆண்டு பிடித்த உளியைப் பிடுங்கிவிட்டு வேறு உளி கொடுத்தது போன்ற நிலை அது.

மறுமொழி: சிராக் ரசிகை

வருமானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலகச் சுற்றின் பெரும்பாலான போட்டிகளில் மொத்தப் பரிசுத் தொகையில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 7.5 விழுக்காடு, இரட்டையர் ஜோடிக்கு 7.9 விழுக்காடு. ஒரு லட்சம் டாலர் போட்டி என்றால் ஒற்றையர் வெற்றியாளர் 7,500 டாலரோடு போவார், இரட்டையரில் ஆளுக்கு 3,950. பாதி மைதானம் என்று சொல்பவர்கள் பாதிப் பணம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நம் நாட்டில் சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி இருவருமே பின்களத்தில் நின்று அடிப்பவர்கள். 2016 வாக்கில் அவர்களை ஜோடி சேர்த்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். முன்வலைக்கு யார் என்பதே தொடக்கத்தில் அவர்களுக்குச் சிக்கலாக இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுச் சுற்றில் இரண்டு ஆட்டங்களை வென்றும் வெளியேறினார்கள். அதில் ஒன்று, பிறகு தங்கம் வென்ற லீ யாங், வாங் சி-லின் ஜோடிக்கு எதிராக 27-25 வரை நீண்ட மூன்றாம் செட். ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையின் 2022 இறுதியில் அவர்கள் 18-21, 23-21, 21-19 என்று வென்றது அஹ்சானும் கெவினும் சேர்ந்த அவசர ஜோடியை. 2023-இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், உலகின் முதல் நிலை. ஆனால் இவர்கள் 40 வரை ஆடுவார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அவர்களுடைய ஆட்டத்தில் தோள் வேலை மிக அதிகம்.

பெண்கள் இரட்டையரில் மலேசியத் தமிழரான தினா முரளிதரனும் பெர்லி டானும் பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி என்று ஒரே ஜோடியாகவே நிலைத்து முன்னேறி வருவதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஐந்தரைமணி ஆட்டக்காரன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காலையில் நண்பரிடம் பரிசுத் தொகைக் கணக்கைச் சொன்னேன். பதில் பேசாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெந்த்ராவின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு போட்டியைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

மறுமொழி: வலையோரம்

பலரும் 2019 ஆல் இங்கிலாந்து இறுதியைச் சொல்வார்கள். ஹெந்த்ரா கெண்டைக்கால் காயத்தோடு ஆடி, முதல் செட்டை 11-21 என்று இழந்து, மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடியை அடுத்த இரண்டிலும் வென்றது அது. நான் அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று பாசெல் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியைச் சொல்வேன். அன்று ஹெந்த்ராவுக்கு 35-ஆவது பிறந்தநாள். அதே அரங்கில் அதே நாளில்தான் சிந்து உலகப் பட்டம் வென்றார் என்பதால் நம்மவர்கள் இந்த ஆட்டத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

ஜப்பானின் ஹோகி, கோபயாஷி ஜோடிக்கு எதிராக 25-23, 9-21, 21-15. நடுவில் இருக்கும் அந்த 9-21-ஐ மட்டும் பொறுமையாகப் பாருங்கள். அதைச் சரிவு என்று எழுதியவர்கள் உண்டு. ஆட்டம் கைநழுவுகிறது என்று தெரிந்ததும் தூரத்து ஷட்டில்களைத் துரத்தாமல் விட்டு, மூன்றாம் செட்டுக்குக் காலைச் சேமித்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். மூன்றாம் செட்டில் ஹெந்த்ரா சர்வை எதிர்கொள்ளும் இடத்தை எண்ணிக்கொண்டே பாருங்கள். முதல் செட்டில் நின்ற அதே இடத்தில்தான் நிற்பார்.