பின்கதவைத் திறந்தால் நீச்சல்குளம்: எந்தப் பாதுகாப்பை முதலில் செய்வது?

புதுக்குடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அண்மையில் குடிவந்த வீட்டின் பின்புறத்தில் நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் இடுப்பளவும் மறுமுனையில் ஆளுயரத்துக்கு மேலும் ஆழம். சமையலறைப் பின்கதவிலிருந்து குளத்தின் விளிம்புக்குப் பதினோரு எட்டுதான், எண்ணிப் பார்த்தேன். மகளுக்கு மூன்று வயது. அந்தக் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்க அவள் கற்றுக்கொண்டு இரண்டு வாரம் ஆகிறது. மனையைச் சுற்றி மதில் இருப்பதால் வேலி வேண்டாம், நீரில் மிதக்கும் அலாரமும் ஒரு மூடியும் போதும் என்கிறார் குளம் அமைத்துத் தரும் ஒருவர். வேலி முற்றத்தின் அழகைக் கெடுத்துவிடும் என்று வீட்டிலும் தயங்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய என்னால் இயலாது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம்?

பழைய பம்புக்காரர் எழுதியது:

வேலியை முதலில் போடுங்கள். மதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் தடுக்கும். உங்கள் மகள் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறாள். குளத்தை நான்கு பக்கமும் சூழ்ந்து, வீட்டையும் குளத்தையும் பிரிக்கும் வேலிதான் மனையைச் சுற்றிய மதிலைவிடக் குழந்தைகளை நன்றாகக் காக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர் இருக்கட்டும். நெடுங்கம்பிகளுக்கு இடையிலும் வேலியின் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கால் வைத்து ஏற இடம் தரும் குறுக்குக் கம்பிகளைத் தவிர்த்துவிடுங்கள். பூந்தொட்டி, நாற்காலி, பம்புப் பெட்டி ஆகியவற்றை வேலியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், ஏனெனில் மூன்று வயதுக் குழந்தைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவது ஒரு விளையாட்டு. அழகுதான் கவலை என்றால் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து குளம் மறையாமல் தெரியும் என்பது கூடுதல் நன்மை.

கதவுதான் வேலியின் உயிர். அது குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்க வேண்டும், விட்டவுடன் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், தாழும் தானாக விழ வேண்டும், தாழை விடுவிக்கும் குமிழ் தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வேலி போட்ட ஒரே ஆண்டில் கீலின் வில் தளர்ந்து, கதவு ஒரு விரல்கடை திறந்தபடியே நின்றதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கதவைப் பாதி திறந்து கையை விட்டுவிடுங்கள். தாழ் விழும் ஓசை கேட்கவில்லையென்றால் அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

கரையோரம் எழுதியது:

மூடியைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நீர் சூடு ஆறாமல் இருப்பதற்காக விரிக்கும் குமிழித் தாளைப் பாதுகாப்பு மூடி என்று நம்பி ஓராண்டு வைத்திருந்தோம். ஒருநாள் பந்து ஒன்று அதன்மேல் விழுந்தது. எடுக்கப் போன எங்கள் நாய் இரண்டு அடி வைத்ததும் தாள் அமிழ்ந்து, நாயின் மேலேயே மூடிக்கொண்டது. அருகில் இருந்ததால் இழுத்துப் போட்டோம். அது நாயாக இல்லாமல் குழந்தையாக இருந்திருந்தால், நீர்ப்பரப்பு வழக்கம்போலத் தட்டையாகவே தெரிந்திருக்கும், உள்ளே யாரோ இருப்பது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. உண்மையான பாதுகாப்பு மூடி வேறு; அது விளிம்பில் இறுகப் பொருந்தி, மேலே பெரியவர்கள் நின்றாலும் தாங்கும். அதிலும் மழைநீர் தேங்கினால் இறைத்துவிட வேண்டும், ஏனெனில் ஒரு சாண் ஆழம்கூட இல்லாத நீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். தினமும் மூடித் திறக்கச் சோம்பல்படும் வீட்டுக்கு, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மூடியை மட்டும் நம்புவது ஒத்துவராது.

நடுநிலை எழுதியது:

ஒரு சிறு மாறுபாடு. பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேலி, அலாரம், மூடி, கூடாரம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்கிறது. ஆகவே அலாரத்தை முற்றிலும் ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பழைய பம்புக்காரர் எழுதியது:

ஒதுக்கவில்லை ஐயா, வரிசையில் பின்னால் வைக்கிறேன். நீரில் மிதக்கும் அலாரம் குழந்தை விழுந்த பிறகுதான் ஒலிக்கும்; காற்றில் அலை எழும்போதும் ஒலிப்பதால், நான்காம் நாள் யாராவது அதை அணைத்து வைத்துவிடுவார்கள். பின்கதவு திறந்தால் ஒலிக்கும் அலாரம் அதைவிட மேல், ஏனெனில் அது குழந்தை நீரை அடைவதற்கு முன்பே சொல்கிறது. வேலி எழும்வரை, பின்கதவில் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் தாழ்ப்பாளை இன்றே போடுங்கள்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளத்தின் அடியிலுள்ள உறிஞ்சு துவாரத்தைப் பாருங்கள். அதன் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், பம்பின் இழுவிசை தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் இழுத்தாலும் விடுபடாது. இதனால் உயிரிழந்த ஒரு சிறுமியின் பெயரிலேயே அமெரிக்காவில் 2007இல் தனிச் சட்டம் வந்தது. சிக்காத வகை மூடியை மாட்டும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள்.

புதுக்குடி எழுதியது:

மிக்க நன்றி. இன்று காலை தாழ்ப்பாளை மேலே மாட்டிவிட்டேன். துவாரத்தின் மூடியில் நான்கு திருகாணிகளுக்கு இரண்டுதான் இருக்கின்றன. பம்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேலிக்கு அளவெடுக்கச் சொல்லியாயிற்று. ஒரு சந்தேகம்: விருந்தினர் வரும் நாளில் பத்துப் பேர் கரையில் இருக்கும்போதும் தனியாக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

கரையோரம் எழுதியது:

அந்த நாளில்தான் கட்டாயம் வேண்டும். பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதுமில்லை, கையை வீசி அழைப்பதுமில்லை. நாங்கள் ஒரு விசிலைக் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறோம். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது; கால் மணி நேரம் ஆனதும் அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். குளித்து முடித்ததும் பந்து, மிதவை எல்லாவற்றையும் நீரிலிருந்து எடுத்துவிடுங்கள்.