பொருள்: சிங்கப்பூர் – பினாங்கு விமானம், டிக்கெட் போடும் முன் படிக்கவும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பினாங்கு ஒன்றுகூடலுக்கு லண்டன், துபாய் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் சிங்கப்பூரில் இறங்கி மாறி வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். "சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஒன்றரை மணி நேரம்தானே" என்று கணக்குப் போட்டு, இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக, நெருக்கமான நேரத்தில் எடுத்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வான்வழியில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு முக்கால் மணி நேரத் தூரம்தான். ஆனால் அட்டவணையில் போடும் ஒன்றரை மணி, இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். தூரம் குறைவாக இருப்பதால் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்; மேலே ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

சிக்கல் சாங்கியில்தான். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டி பினாங்கு வரை போகாது. குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வெளியே வர சிங்கப்பூர் விசா வேண்டும்; விசா இல்லாத இடைத்தங்கலுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. பெட்டிக்காக வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டால் பெரிய அவதி. கட்டணம் பத்து இருபது வெள்ளி கூடினாலும் பரவாயில்லை, இரண்டு விமானத்தையும் ஒரே பதிவாகப் போடுங்கள். பெட்டியைக் கொடுக்கும்போது அதில் ஒட்டும் சீட்டு பினாங்கு வரைக்கும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் சிங்கப்பூரைச் சுற்ற வேண்டியதே இல்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது. உங்கள் தேதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு என் யோசனை வேறு. விசா இருந்தால் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் முதலில் பினாங்கு, அப்புறம்தான் சிங்கப்பூர். சபர் (பயணம்) போன இரண்டு ஊரிலும் நாகூர் ஆண்டகை பெயரில் தர்கா எழுப்பினார்கள் நம்மவர்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதியில் இருப்பதைக் காட்டிவிட்டு, மறுநாள் காலை விமானத்தில் பினாங்கு போனால் சூலியா வீதிப் பக்கம் இருப்பதையும் பார்க்கலாம். அவர்களுக்கு இதைவிட நிறைவான பயணம் இருக்காது.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பேருந்து பற்றிக் கேட்டிருந்தார்கள். சாலை வழி 700 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு குடிநுழைவுச் சோதனை, பத்து மணி நேரமாவது ஆகும். விமானத்திலும் வீட்டிலிருந்து வீடு வரை ஐந்தாறு மணி நேரம் ஆகத்தான் செய்யும்; என்றாலும் குழந்தைகளோடு வந்தால் விமானம்தான் நல்லது.

மலேசிய மின்னியல் வருகை அட்டையை வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். மாலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனுக்குப் போகும் சாலை அடைத்துக்கொள்ளும், அதனால் பகலிலேயே இறங்கும் விமானமாகப் பாருங்கள். டிக்கெட் போட்டதும் விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் இங்கேயே எழுதுங்கள், வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

வஸ்ஸலாம்.